ஏர்பிரஷ் வாங்கப் போறீங்களா? முதல்ல கழுவக் கத்துக்கோங்க!

தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகளுக்கென்றே தனி ரசிகர் கூட்டம் உண்டு. அதில் பலர் ஃபோம் ஷீட்டையும் அட்டையையும் வெட்டி, தங்கள் ஊர் பஸ்ஸை அப்படியே குட்டியாகச் செய்துபார்க்கிறார்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம், ஒகேனக்கல், அரூர் போகும் பஸ்ஸாகவும் இருக்கலாம். 1990-களில் ‘அன்னை சத்யா’ என்ற பெயரோடு ஓடிய பழைய பஸ்ஸாகவும் இருக்கலாம். ஜன்னல் கம்பி, படிக்கட்டு, ஊர்ப் பலகை என எல்லாமே அச்சு அசலாக வந்துவிடும். பெயின்ட் அடித்த பிறகுதான் அது திடீரென பொம்மையாகிவிடும்.

காரணம், அளவுக் கணக்கு. 12 மீட்டர் பஸ்ஸை 24-ல் ஒரு பங்காகச் செய்தால் 50 சென்டிமீட்டர் நீளம் வரும். அதன்மேல் பிரஷ்ஷால் பூசிய பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு நின்றால்கூட, நிஜ பஸ்ஸில் 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியதற்குச் சமம். ரிவெட்டுகளும் தகட்டு இணைப்புகளும் அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் மினியேச்சர் செய்பவர்கள் ஏர்பிரஷ்ஷைத் தேடுகிறார்கள்.

லாரி, வேன் பட்டறைகளில் பார்க்கும் ஸ்ப்ரே கன்னின் தம்பிதான் இது. பேனா அளவு இருக்கும். முனையில் ஒரு நாசில், அதற்குள் ஒரு ஊசி. ஊசி பின்னால் நகர்ந்ததும் பெயின்ட் வெளியே வரும். காற்று அதைப் பனிபோல் சிதறடிக்கும். காற்றும் பெயின்ட்டும் உள்ளேயே கலக்கும் வகைக்கு அமெரிக்காவின் சார்லஸ் பர்டிக் 1892-ல் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதேதான்.

ஆசையாகச் சேர்த்த காசில் வாங்கிய ஏர்பிரஷ் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. அவற்றில் பல பழுதானவை அல்ல, சரியாகக் கழுவப்படாதவை. அதனால், வாங்கும்போதே ‘இதை நம்மால் கழுவ முடியுமா?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எதைப் பார்த்து வாங்குவது?

1. டபுள் ஆக்‌ஷன்: பட்டனை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். சிங்கிள் ஆக்‌ஷனில் பெயின்ட்டின் அளவை அடிக்கும்போதே மாற்ற முடியாது. டபுள் ஆக்‌ஷன் கைக்குப் பழக சில நாள் ஆகும். ஆனால், நிழல், புழுதி, துரு எல்லாம் அதில்தான் அழகாக வரும்.

2. மேலே கப் உள்ளது: பெயின்ட் தானாகவே கீழே இறங்கும். குறைந்த காற்று, சில சொட்டு பெயின்ட் போதும். அடியில் பாட்டில் தொங்கும் வகையைவிடக் கழுவுவதும் சுலபம்.

3. 0.3 மி.மீ நாசில்: முதல் ஏர்பிரஷ்ஷுக்கு இதுவே போதும். 0.2 மெல்லிய கோடுகளுக்கு. ஆனால், சட்டென அடைத்துக்கொள்ளும். 0.5 பிரைமர் அடிக்கவும் பெரிய பரப்புக்கும்.

4. ஸ்பேர்: வாங்கும் முன் அதே மாடலின் நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்டு ஸ்டீன்பெக், அமெரிக்காவின் பேட்ஜர் போன்ற நிறுவனங்கள் உதிரி பாகங்களைத் தனியாக விற்கின்றன. பெயர் தெரியாத மலிவு செட்டில் ஒரு நாசில் தொலைந்தால், முழு செட்டையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கலாம்.

கம்ப்ரஸரில் ரெகுலேட்டரும் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கட்டும். சிறு டேங்க் இருந்தால் காற்று ஒரே சீராக வரும். நீர் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் தொடங்கலாம்.

கழுவுவது எப்படி?

நிறம் மாற்றும்போதெல்லாம் மிச்ச பெயின்ட்டைக் கொட்டி, கப்பை டிஷ்யூவால் துடைத்து, தண்ணீர் ஊற்றித் தெளிவாக வரும்வரை அடிக்க வேண்டும். பிறகு நாசில் வாயை ஒரு துணியால் மெதுவாக அடைத்துக்கொண்டு பட்டனை லேசாக இயக்கினால், காற்று பின்னோக்கி வந்து கப்பில் குமிழியிடும். ஒளிந்திருக்கும் பெயின்ட் அப்போது வெளியே வரும்.

வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்ற வேண்டும். தடித்த பக்கத்திலிருந்து கூர்முனையை நோக்கி மட்டுமே துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் விரலிலும் குத்தும், முனையும் வளையும். நாசிலைச் சேஃப்டி பின்னால் குத்தவே கூடாது. உள்ளே ஒரு கீறல் விழுந்தாலும் பெயின்ட் கோணலாகப் பாயும். அதற்கான மெல்லிய பிரஷ் தனியாக விற்கிறது. அரிசி அளவே இருக்கும் நாசிலை வாஷ்பேசினில் வைத்துக் கழற்றாமல், ஒரு தட்டின்மேல் வைத்துக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது பலம் காட்டினால் மரை முறிந்துவிடும்.

முழு ஏர்பிரஷ்ஷையும் தின்னரில் ஊறப்போடுவதும் தவறு. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். கையில் கிடைத்த எண்ணெயைத் தடவுவதும் வேண்டாம். அது பெயின்ட்டில் கலந்தால் பூச்சு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழும்.

தருமபுரிக்காரர்கள் கவனிக்க...

இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013-ல் பயன்பாட்டுக்கும் வந்தது. அது குடிநீர்ப் பிரச்னை. ஏர்பிரஷ்ஷுக்கு எதிரி, போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படலம், 0.3 மி.மீ ஓட்டையில் படிந்தால் என்ன ஆகும்? பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். காலை நேரத்தில் வேலையை வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஈர இயர்பட்ஸால் முனையை ஒற்றியெடுத்தால் போதும்.

என்ன கோளாறு?

* கப்பில் தானாகக் குமிழி வந்தால்: நாசில் தளர்ந்திருக்கிறது, அடைத்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

* ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தால்: ஊசி முனை வளைந்திருக்கலாம்.

* திட்டுத் திட்டாகத் தெறித்தால்: முனையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது அல்லது பெயின்ட் கெட்டியாக இருக்கிறது.

* சிலந்திக் கால்போல் ஓடினால்: பெயின்ட் ரொம்பத் தண்ணீராக இருக்கிறது அல்லது காற்று அதிகம்.

பிள்ளைகள் உள்ள வீடா?

பெயின்ட் பனி, கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரல்வரை போகும். நீர் பெயின்ட்தானே என்று சும்மா இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும். தின்னர் என்றால் துணி மாஸ்க் போதாது. கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். தின்னர் தீப்பிடிக்கும் என்பதால் சமையலறை, பூஜை விளக்கு, ஊதுபத்தி பக்கமே கொண்டுபோகக் கூடாது. தெர்மாகோலையும் அது கரைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீர் பெயின்ட் மட்டுமே கொடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

வருடத்துக்கு ஒரு பஸ் செய்பவருக்கு ஏர்பிரஷ் கட்டாயமில்லை. கடையில் கிடைக்கும் டப்பா ஸ்ப்ரேயை வெளியில் வைத்து மெல்லிய கோட்டுகளாக அடித்தாலே போதும். முதலில் அதே ஷீட்டின் துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்துவிடுங்கள். அடிக்கடி செய்பவர்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒரே கம்ப்ரஸரை வாங்கிக்கொண்டு, ஏர்பிரஷ்ஷை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். யார் கழுவவில்லை என்ற சண்டையும் வராது!

அஞ்சு நிமிஷம் அடித்தால் பத்து நிமிஷம் கழுவ வேண்டும். இந்தக் கணக்குக்குச் சம்மதம் என்றால், தாராளமாக ஆர்டர் போடலாம்.