மண்டபத்தில் வராத ஒற்றுமை

“எல்லா மதமும் ஒன்றையே சொல்லுகின்றன, இதை மக்கள் உணர்ந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும்” என்று பெரிய மனிதர்கள் மேடைதோறும் பேசி வருகிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லுகிறவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் மதங்கள் ஒத்துப்போன பிறகுதான் மக்கள் ஒன்றாக வாழமுடியும் என்றால், அந்த நாள் என்றைக்கு வருவது?

சரித்திரத்தைப் பார்ப்போம். 1575-ம் ஆண்டில் அக்பர் பாதுஷா பதேபூர் சிக்ரியில் மத விவாதத்திற்கென்றே ‘இபாதத் கானா’ என்ற மண்டபத்தைக் கட்டினார். முதலில் இஸ்லாமியப் பண்டிதர்கள் மட்டும் கூடினார்கள். யார் எந்த இடத்தில் உட்காருவது என்பதிலேயே தகராறு வந்துவிட்டது! பிறகு பிராமணர், சமணர், பார்சிகள் எல்லோரும் அழைக்கப்பட்டார்கள். 1580-ல் கோவாவிலிருந்து ஏசு சபைப் பாதிரிமார்களும் வந்து சேர்ந்தார்கள். கடவுளுக்கு மகன் உண்டா, அவதாரம் உண்டா, மறுபிறவி உண்டா என்று வாதம் நடந்தது. பலன் என்ன? ஒருவரும் மற்றவருடைய கொள்கையை ஏற்கவில்லை. 1582-ல் அக்பரே ஏற்படுத்திய ‘தீனே இலாஹி’யும் அரண்மனையைத் தாண்டிப் பரவவில்லை. அவருடைய தளபதி மான்சிங்கே அதில் சேரவில்லை!

ஆனால் ஜனங்களைத் தொட்ட காரியம் வேறொன்று உண்டு. 1563-ல் இந்து யாத்திரிகர்கள் மீதிருந்த வரியை அக்பர் நீக்கினார். மறு ஆண்டில் ஜிஸியா வரியையும் நீக்கினார் என்று அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். மண்டபத்திற்குக் கடைக்கால் போடுவதற்கு முன்பே நடந்தவை இவை. இதற்கு எந்தப் பண்டிதர்களின் உடன்பாடும் தேவைப்படவில்லை. 1679-ல் ஔரங்கசீப் ஜிஸியாவை மீண்டும் விதித்தபோது, டில்லியில் கடைக்காரர்களும் கைத்தொழிலாளிகளும் திரண்டு வழிமறித்தார்கள் என்றும், யானைகளை ஏவி அவர்களை விரட்டினார்கள் என்றும் காஃபி கான் குறித்திருக்கிறார். வேதாந்தத்திற்காக அல்ல, சம உரிமைக்காகவே அந்த ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அக்பரை ஏழைகளின் ராஜா என்று நாம் சொல்லவில்லை. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு நிலவரியாகப் போயிற்று. குடியானவன் எந்த மதம் என்று அந்த வரி பார்க்கவில்லை. அதைத் தின்று கொழுத்த பிரபுக்களிலும் இரு மதத்தாரும் இருந்தார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான். ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டும் முதலாளி நம் நெற்றியைப் பார்த்துப் பெயர் எழுதுவதில்லை. அறுப்புக் கூலியைக் குறைக்கும் மிராசுதாரும் அப்படியே. கூலி கேட்டு நாம் சேரும்போது மட்டும், ‘அவன் வேறு மதம்’ என்று காதில் ஓதுவதற்கு ஆள் வந்துவிடுகிறான். இதனால் லாபம் யாருக்கு?

பக்கத்துத் தறிக்காரர் தொழுகைக்குப் போகட்டும். இன்னொருவர் மாதா கோயிலுக்குப் போகட்டும். மற்றொருவர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றட்டும். ஒன்றையும் நம்பாதவர் வீட்டிலிருக்கட்டும். 1950-ல் அமலான அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு இந்த உரிமையை எல்லோருக்கும் வழங்கியிருக்கிறது. அதில் ஒருவருக்குக் குறைந்தாலும் நம் எல்லோருக்கும் குறைந்ததே.

ஆகவே, மதத்தின் பேரால் ஒரு தொழிலாளிக்கு வேலையோ வாடகை வீடோ மறுக்கப்பட்டால், அவருடைய மதத்தார் வந்து கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது. சங்கமே முதலில் போய்க் கேட்கவேண்டும். மண்டபத்தில் வராத ஒற்றுமை அங்கேதான் வரும்.