பத்து ரூபாய் செய்த வேலை

யானையின் பாதம் பார்ப்பதற்கு உரல்போலத் திடமாகத் தெரியும். ஆனால், உடைந்த மதுபாட்டிலின் சில்லு ஒன்று அதில் ஏறிவிட்டால் புண் சீழ்பிடிக்கும். அத்தனை பெரிய உடம்பைச் சுமந்து தீனிக்கும் தண்ணீருக்கும் நடக்க முடியாமல் அந்த உயிர் சாய்ந்துவிடும். நீலகிரிக் காடுகளில் குவிந்த பாட்டில்கள் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, எழுந்த கவலைகளில் இது முக்கியமானது. அதன் தொடர்ச்சியாக, 2022 மே மாதம் அந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். விற்ற பாட்டில்களில் மிகப் பெரும் பகுதி கடைக்கே திரும்பியது.

ஒரு கொள்கையை நிறைவேற்ற அரசிடம் நான்கு வளங்கள்தான் உண்டு என்று 1983-இல் கிறிஸ்டோபர் ஹூட் என்ற பிரிட்டிஷ் அறிஞர் எழுதினார்: தகவல், சட்ட அதிகாரம், பணம், ஆட்களும் அமைப்பும். இந்த நான்கையும் ஒரே மலையில் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை. அதே ஆண்டு நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, மாற்றாகத் தண்ணீர் ஏடிஎம்கள். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ பிரச்சாரம். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ். பணம் என்ற கருவிக்கு அந்தப் பத்து ரூபாய்.

தடை போடுவது அரசுக்கு எளிது. அரசாணை ஒன்று போதும். அன்றைக்குச் செலவும் இல்லை. செலவெல்லாம் பிறகுதான் வருகிறது. ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பையைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும். சோதனை நடக்கும் வாரத்தில் பை மறையும், அடுத்த வாரம் திரும்ப வரும். அபராதம் கட்டுவது பெரும்பாலும் பூ விற்பவரும் தள்ளுவண்டிக்காரரும்தான். பையைத் தயாரிக்கும் ஆலை எங்கோ இருக்கிறது. மஞ்சப்பை பிரச்சாரத்தை நான் மதிக்கிறேன். ஆனால், வீட்டிலிருந்து பையோடு கிளம்பும் பழக்கம் உள்ளவரைத்தான் அது எளிதில் தொடுகிறது.

பத்து ரூபாய் ஏற்பாட்டில் காவலுக்கு ஆளே தேவைப்படவில்லை. குடித்தவர் பாட்டிலை வீசிவிட்டுப் போனாலும், வேறொருவர் அதைப் பொறுக்கி வந்து காசு வாங்கிக்கொள்வார். நமக்கு இது புதிதும் அல்ல. கோலி சோடாவைக் கடை வாசலில் நின்று குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர்கள்தானே நாம்? வீட்டுக்கு எடுத்துப்போனால் முன்பணம் வைத்துவிட்டுப் போ என்பார் கடைக்காரர். ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு 2003 முதல் இதே முறையைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

நீலகிரியின் வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம், மதுவைக் கடைகளில் சில்லறையாக விற்பது அரசு ஒன்றே என்பது. விலை, கடை, ஊழியர், கணக்கு எல்லாம் ஒரே கையில் இருந்ததால் பணத்தை வாங்கவும் திருப்பவும் வழி இருந்தது. ஆயிரம் கம்பெனிகள் விற்கும் தண்ணீர் பாட்டிலிலோ நொறுக்குத்தீனிப் பொட்டலத்திலோ இது தானாக நடந்துவிடாது. அங்கே தயாரிப்பாளரைச் சட்டம் போட்டு இழுத்துவர வேண்டும். ஆக, ஒரு கருவி நல்லதா என்று கேட்பதைவிட, அதைப் பிடிக்க யார் கை இருக்கிறது என்று கேட்பதே சரி.

அந்தக் கை யாருடையது? டாஸ்மாக் விற்பனையாளருடையது. ஏற்கெனவே நெருக்கடியான கடையில் அவர் பாட்டிலில் வில்லை ஒட்ட வேண்டும், கூட்டத்துக்கு நடுவே காலி பாட்டில்களை வாங்க வேண்டும், சில்லறை எண்ணித் தர வேண்டும், நாற்றமடிக்கும் பாட்டில்களைச் சாக்கில் கட்டி அடுக்க வேண்டும். திட்டம் மற்ற மாவட்டங்களுக்கு விரிந்தபோது ஊழியர் சங்கங்கள் எதிர்த்தது இதனால்தான். அவர்கள் எதிர்ப்பில் நியாயம் உண்டு. எத்தனை சதவீதம் திரும்பியது என்று கணக்குக் காட்டும் அரசு, அதைத் தூக்கி அடுக்கியவரின் வேலை நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காலி பாட்டில் வாங்கத் தனி ஆளும், அடுக்கத் தனி இடமும் ஒவ்வொரு கடைக்கும் கொடுங்கள். ஆவின் பால் கவரும் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள கூட்டுறவு நிறுவனம் விற்கும் பொருள்தான். 2019 தடையில் பால் கவருக்கு விலக்கு கொடுத்தாகிவிட்டது. அடுத்து அதைத் திரும்ப வாங்கத் தொடங்குங்கள்.