மண்ணிலிருந்து மருந்து

மண்வாழ் கிருமிகளினின்று மருந்து காண்டல் புதிதன்று. 1943-ம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்க நாட்டு ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் வாக்ஸ்மன், ஷாட்ஸ் என்போர், க்ஷயரோகத்தை வெல்லும் ஸ்ட்ரெப்டோமைசினை அங்ஙனமே பெற்றனர். ஆயின், மண்ணிலுள்ள கிருமிகளில் நூற்றுக்கு ஒன்றேனும் ஆய்வுச்சாலைத் தட்டில் வளர்வதரிது. வளர்ந்தவற்றையே துழாவியோர், கண்ட மருந்தையே மீண்டுங் கண்டு சலித்தனர்.

அதனால், கிருமியை விடுத்து, அதன் டி.என்.ஏ.யை மண்ணினின்று நேரே பிரித்தெடுக்கும் முறை எழுந்தது. நியூயார்க் ராக்கபெல்லர் சர்வகலாசாலையின் ஷான் பிரேடி குழுவினர், ஏறக்குறைய 2,000 மண் மாதிரிகளை ஆராய்ந்து, 'மாலாசிடின்' என்னும் பொருளை 2018-ல் வெளியிட்டனர். மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியை எலிகளின் தோற்புண்ணினின்று அஃது அகற்றிற்று. 20 நாள் பழகியும் அக்கிருமி அதனை எதிர்க்கக் கற்றிலது. எலியினின்று மனிதனை எய்தும் வழி நெடிதென்பது வேறு.

இதுகண்டு, "டி.என்.ஏ.யைப் படித்தாற் போதுமே. இனிக் கிருமி வளர்க்குங் கலை எற்றுக்கு?" என்பார் நம் மாணவருள்ளும் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. டி.என்.ஏ. தானே மருந்தாவதில்லை. மாலாசிடினை ஆக்கும் ஜீன்களை, ஸ்ட்ரெப்டோமைசிஸ் அல்பஸ் என்னும், தட்டில் நன்கு வளருங் கிருமியினுட் புகுத்திய பின்னரே அப்பொருள் கைக்கெட்டிற்று. ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்த கிருமியும் இவ்வினத்ததே! வளராக் கிருமியின் செல்வம் வளருங் கிருமியின் வாயிலாகவே வந்ததன்றோ? ஊட்டக்கூழ் காய்ச்சுதலும் தட்டிற் கீறுதலும் பழங்கதையெனத் தள்ளுவோர், அக்கிருமியை இனி யார் வளர்த்துத் தருவரென விடை கூறுவாராக.