ஒன்றுமில்லை!

போன ஐப்பசியில் என் இடது பக்கத்து மேல் கடைவாய்ப் பல் ஒன்று முனக ஆரம்பித்தது. அலறவில்லை, அலறியிருந்தால் அதற்கு மரியாதை கிடைத்திருக்கும். காலையில் எழுந்ததும் பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல மெல்ல முனகும், பத்து மணிக்கு அடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு முன்புதான் பல் டாக்டரிடம் போய், எக்ஸ்ரே எடுத்து, எல்லாப் பல்லும் பிரமாதம் என்று நற்சாட்சி வாங்கி வந்திருந்தேன். மறுபடியும் போனேன். பழைய படத்தைத் திரையில் ஒரு தரம் பார்த்தார்.

"ஒன்றுமில்லை, சார்" என்றார்.

இந்த "ஒன்றுமில்லை" மீதுதான் என் வழக்கு.

அவர் கண்டது என்ன? சொத்தை இல்லை, சீழ் இல்லை, எலும்பு தேயவில்லை. அவ்வளவுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். "நான் தேடிய மூன்றும் இல்லை" என்பது ஒரு வாக்கியம். "ஒன்றுமே இல்லை" என்பது வேறு வாக்கியம். இரண்டாவதைச் சொல்ல ஈசுவரனுக்குத்தான் அதிகாரம் உண்டு.

எக்ஸ்ரேயை நான் குறை சொல்லவில்லை. 1895-இல் ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது மனித குலத்துக்குப் பெரிய உபகாரம். ஆனால் அது நிழல். நிழலில் எல்லாம் விழாது. பல்லில் முன்னும் பின்னுமாக ஓடும் மயிரிழை விரிசல், படத்துக்கு இணையாகப் போவதால் பெரும்பாலும் தெரிவதே இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனியன் துணியில் ஓர் இழை விட்டுப் போயிருந்தால் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால்தான் தெரியும். மடித்து அட்டைப் பெட்டியில் போட்ட பிறகு பெட்டியைப் பார்த்துத் துணி நல்ல துணி என்று சொல்லும் செக்கிங்காரரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? விரிசல் விட்ட பல்லைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. பல்லின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். கடிக்கும்போது வலிப்பதைவிட, கடியை விடும்போது சுரீரென்றால் சந்தேகம் வலுக்கும். கேமரன் என்ற பல் வைத்தியர் இதற்குப் பெயர் வைத்து எழுதியது 1964-இல். நேற்று வந்த புதுமை அல்ல.

விரிசல் மட்டுமா? மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலேயே முகத்தெலும்பின் காற்றறை இருக்கிறது. சளி கட்டி அது வீங்கினால் பல் வலிக்கும், குனிந்தால் அதிகமாகும், பல் பாவம், நிரபராதி. முரட்டு பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ஈறு இறங்கியிருந்தால், வேரின் நுண்குழாய்களில் உள்ள நீர் குளிர்ச்சி பட்டவுடன் அசைந்து நரம்பை உசுப்பும். புதிதாக அடைத்த சிமெண்டு ஒரு நூல் உயரமாக இருந்தாலும் வலிக்கும். பல்லின் உள்சதை கோபித்துக்கொள்ளத் தொடங்கும்போதும் படத்தில் ஒன்றும் தெரியாது. இன்னொன்று, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறதா? அது இருதயத்தின் சமாசாரமாக இருக்கலாம். பல் டாக்டரை விட்டுவிட்டு உடனே வேறு டாக்டரிடம் ஓடுங்கள்.

என் விஷயம் அத்தனை கம்பீரமானது அல்ல. தொடர்கதை அத்தியாயம் முடியாத இரவுகளில் தூக்கத்தில் பல்லைக் கடித்திருக்கிறேன். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாதாம்! ஐம்பது வயதுக்கு மேல் எனக்குத் தெரிந்த செய்தி இது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் என் தாடைத் தசையை விரலால் அழுத்தினார், நான் கத்தினேன், விஷயம் முடிந்தது. இரவில் போட்டுக்கொள்ள ஓர் உறை கொடுத்திருக்கிறார். பத்திரிகை ஆசிரியருக்கு உறை போட வழி இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

நான் எழுத்தாளன். வலித்தால் எழுதாமல் இருக்கலாம். இருந்தால் வாசகர்களுக்கு லாபம் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பெருமாநல்லூர் சாலையை ஒட்டிய லைன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். பீஸ் கணக்குக் கூலி, சீசனில் ஒன்றரை ஷிப்ட். அவளுக்கு முன்பல்லில் கூச்சமும் வலியும். அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"ஒண்ணுமில்லீன்னு சொல்லிப் போட்டாங்கண்ணா. சூப்பர்வைசரு, 'அப்பறம் எதுக்கு அம்மிணி லீவு கேட்டே?'ங்கறாரு" என்றாள்.

பாருங்கள், ஒரு வார்த்தை என்னவெல்லாம் செய்கிறது! டாக்டர் வாயில் அது பரிசோதனையின் முடிவு. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அது அவள் நேர்மையின் மேல் தீர்ப்பு. வலி பொய், லீவு பொய், அவளே பொய்! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

டாக்டர்களுக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், எல்லோரிடமும் கதை கேட்க முடியுமா என்பார்கள். கதை வேண்டாம் ஐயா, ஒரே ஒரு கேள்வி போதும். பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய வைத்தியர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் எழுதினார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று விநாடிக் கேள்விக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

நம் பேரிலும் குற்றம் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்ததும், எப்போது வலிக்கிறது, சூட்டிலா குளிரிலா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எதுவும் சொல்லாமல், "பிடுங்கிப் போடுங்க டாக்டர்" என்கிறோம். இல்லாவிட்டால் கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கிறோம். கிராம்பு மரக்கச் செய்யும்; காரணம் சொல்லாது.

அந்தப் பெண்ணை என் டாக்டரிடமே அனுப்பினேன். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் என்ன வேலை என்று கேட்டாராம். சொன்னதும், "நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாயா, அம்மா?" என்றாராம். டிரிம்மரை எடுத்து வெட்டி மறுபடி கீழே வைக்கிற நேரத்தில் இன்னொரு பீஸ் ஓடிவிடும். பல் எப்போதும் கைவசம் இருக்கிறது. மேல் முன்பல்லின் நுனியில் நூல் அறுத்து அறுத்து ஒரு பள்ளம். தையற்காரர் பல்லில் இப்படிப் பள்ளம் விழுவது பல் வைத்தியத்தில் பழைய சங்கதி. சொத்தையைத் தேடியவருக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

பள்ளத்தை அடைத்து அனுப்பிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்தேன். டிரிம்மரைப் பனியன் நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"மொதல்ல லைன்ல எல்லாரும் சிரிச்சாங்கண்ணா" என்றாள். "இப்ப நாலு பேரு நாடா கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க."