மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சேவை நிறுவனங்கள்: நிர்வாகக் குழுவில் தலித் பெற்றோருக்கு இடம் எங்கே?

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்துவதற்கான சட்டத்திருத்த முன்வடிவுகளை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். தங்களைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் அவையில் தங்களுக்கும் இருக்கை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்ததை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. நாம் அதை வரவேற்கிறோம். அதே கோட்பாட்டை, இதுவரை எவரும் பொருத்திப் பார்க்காத இன்னோர் இடத்திலும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றுடன் வாழும் ஒரு கிராமத்துக் குழந்தையின் அன்றாடத்தை ஊராட்சி மன்றத்தைவிட நெருக்கமாகத் தீர்மானிப்பது, அந்த வட்டாரத்தில் பகல்நேர மையமோ சிறப்புப் பள்ளியோ நடத்தும் தொண்டு நிறுவனம்தான். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, இயன்முறை சிகிச்சையாளர் வாரத்தில் எத்தனை நாள் வருவது, வேன் எந்தத் தெரு வரை செல்வது என்பவற்றையெல்லாம் அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழு முடிவு செய்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், வணிகர்கள், நன்கொடையாளர் குடும்பத்தினர் என்று ஊதியமின்றிப் பணியாற்றும் தன்னார்வலர்களே பெரும்பாலும் அக்குழுவில் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அந்த மேசையைச் சுற்றி யார் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

ஒரு வேன் திரும்பிச் சென்ற இடம்

வட மாவட்டம் ஒன்றில் நாங்கள் சட்ட உதவி செய்த ஒரு குடும்பத்தின் செய்தி இது. தாய் விவசாயக் கூலித் தொழிலாளி. மகனுக்கு ஒன்பது வயது, மூளை முடக்குவாதம். மையத்தின் வேன் ஊர்த் தெருவின் கோவில் வரை வந்து, அங்கேயே திரும்பிவிடும். அங்கிருந்து காலனிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். அந்தத் தாய் நாள்தோறும் மகனை இடுப்பில் சுமந்து அங்கே கொண்டுவந்தார். பிள்ளை வளர வளர அவரால் தூக்க இயலவில்லை, வருகை குறைந்தது. வருகை குறைந்தவர்களின் இடத்தைக் காத்திருப்போருக்கு அளிப்பது என்ற விதியின்படி அவன் பெயர் நீக்கப்பட்டது. முறையிடச் சென்ற தாய்க்குக் கிடைத்த பதில்: “இலவசமாகத்தானே பார்த்துக்கொள்கிறோம், இன்னும் என்னம்மா வேண்டும்?”

பின்னர் அக்குழுவின் கூட்டக் குறிப்புகள் எங்கள் பார்வைக்கு வந்தன. வேன் தடம் பற்றி ஒரு வரி: எரிபொருள் செலவையும் சாலையின் நிலையையும் கருதி வகுக்கப்பட்டதாக. நீக்கம் பற்றி ஒரு வரி: ஒழுங்கற்ற வருகையின் காரணமாக. சாதி என்ற சொல் எங்கும் இல்லை. காலனிச் சாலை தார் போடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருந்தது.

நாங்கள் அறிவிக்கை அனுப்பிய பிறகு சிறுவன் மீண்டும் சேர்க்கப்பட்டான். வேனும் காலனிக்குள் வருகிறது. ஆனால் இடையில் சிகிச்சையின்றிக் கழிந்த மாதங்களில் அவன் கால் தசைகள் இறுகிவிட்டன. அதற்கு முன் பிடித்துக்கொண்டு நிற்பவன், இப்போது நிற்பதில்லை. அந்த இழப்பை எந்த அறிவிக்கையாலும் மீட்க முடியவில்லை.

இது வன்கொடுமை வழக்காகுமா என்று பலர் கேட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றத்தை நிறுவ, ஒரு செயலும் அதைச் செய்தவரும் வேண்டும். இங்கே இருப்பதோ ஒரு தீர்மானம். அதில் கையொப்பமிட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். இத்தகைய விலக்கலைக் குற்றவியல் சட்டம் எளிதில் எட்டுவதில்லை. தீர்மானம் உருவாகும் அறையின் அமைப்பை மாற்றுவதே இதற்கான தீர்வு.

எண்ணிக்கையும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. சேவையைப் பெறும் வரிசையில் நாம் கூடுதலாகவே நிற்கிறோம். முடிவெடுக்கும் வரிசையில் நம்மைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1932இல் எழுந்த கேள்வி

இந்தக் கேள்வி புதியதன்று. பூனா ஒப்பந்தத்திற்குப் பின் 1932இல் தீண்டாமை ஒழிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பின்னர் ஹரிஜன சேவா சங்கம் எனப் பெயர் பெற்ற அதற்கு ஜி.டி.பிர்லா தலைவர், ஏ.வி.தக்கர் செயலாளர். தொடக்கத்தில் அண்ணல் அம்பேத்கரும் அதன் மத்தியக் குழுவில் இருந்தார். 1932 நவம்பரில் தக்கருக்கு எழுதிய கடிதத்தில், கிணறு, பள்ளி முதலியவற்றில் குடிமை உரிமைகளை நிலைநாட்டும் போராட்டமே முதற்பணியாக வேண்டும் என்றும், பணியாளர்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பினரிடமிருந்தே வரவேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அந்த ஆலோசனைகள் ஏற்கப்படவில்லை. அவர் விலகினார்.

பிற்பாடு நிர்வாகத்தில் தங்களுக்கு இடம் கேட்ட தீண்டப்படாத மக்களுக்குக் காந்தியார் அளித்த விளக்கத்தை, 1945இல் வெளிவந்த தம் நூலில் அம்பேத்கர் பதிவு செய்துள்ளார். இது சாதி இந்துக்கள் தம் பாவத்திற்குச் செய்யும் கழுவாய். பணமும் அவர்கள் திரட்டியது. ஆகவே சங்கத்தை நடத்த வேண்டியவர்களும் அவர்களே என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் இந்தத் தருக்கம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சேவை நிறுவனங்களில் அப்படியே வாழ்கிறது. கொடுப்பவர் தம் மனநிறைவுக்காகக் கொடுக்கிறார். எனவே கொடுப்பதன் அளவையும் வழியையும் அவரே வகுக்கிறார். பெறுபவருக்கு நன்றி சொல்லும் கடமை மட்டுமே மிஞ்சுகிறது. ஆண்டு விழாவில் மேடையேறிப் போர்வை பெறுவது தலித் தாய். போர்வைக்குப் பதிலாகச் சக்கர நாற்காலியைப் பழுதுபார்க்கும் செலவைத் தாருங்கள் என்று சொல்ல அவருக்கு மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை.

ஊதியமின்மை என்னும் வடிகட்டி

நிர்வாகக் குழுவினர் ஒரு காசும் பெறுவதில்லை என்பது இந்நிறுவனங்களின் பெருமிதம். பொறுப்பை வருமானமாக்கிக் கொள்வதைத் தடுக்க அந்த நெறி தேவை. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வாரநாளில் காலை பதினொரு மணிக்கு நகரத்தில் நடக்கும் கூட்டத்திற்கு, ஓய்வூதியம் பெறுபவரும் கடையைப் பிறரிடம் ஒப்படைத்து வரக்கூடியவரும் வரலாம். கூலிக்குச் செல்லும் தாய் வந்தால் அன்றைய கூலி போகும். பேருந்துக் கட்டணம் போகும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கூட்டத்தின் நேரமும் இடமும் மொழியும் எந்த விதியும் எழுதாமலே அவரை வெளியே நிறுத்திவிடுகின்றன.

சங்கத்தின் வருவாயை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வது வேறு. கூட்டத்திற்கு வருவோருக்கு நியாயமான பயணச் செலவை ஈடுசெய்வது வேறு. முன்னதைச் சட்டம் தடுக்கிறது, பின்னதைத் தடுக்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பணம் வாங்காதவர்தான் தொண்டர் என்று சொல்லும்போது, வசதி படைத்தவர்தான் தொண்டர் என்றே பொருளாகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்நிறுவனங்களில் பல, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. குறைந்தது மூவர் கொண்ட குழு வேண்டும், அதன் பதவிக்காலம் மூன்றாண்டுகளை மிஞ்சக்கூடாது என்கிறது அச்சட்டம். ஆனால் அதே ஆட்களை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. உறுப்பினராக யாரைச் சேர்ப்பது என்பது துணைவிதிகளின் கையில் இருக்கிறது. பயனாளிகளின் பெற்றோர் சங்க உறுப்பினர்களே அல்லர் என்பதால், பொதுக்குழுவில் அவர்களுக்கு வாக்கில்லை. அறக்கட்டளையாகப் பதிவானவற்றின் நிலை இன்னும் இறுக்கமானது. நிறுவியவர் எழுதிய பத்திரமே அங்கு அரசியலமைப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் வேறு சட்டங்கள் உள்ளன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசார இடமும் கேட்கிறது. உதவி பெறும் பள்ளிகளில் அக்குழுவுக்கு ஆலோசனைப் பணி மட்டுமே என்று 2012இல் திருத்தப்பட்டது ஒரு பின்னடைவே. ஆயினும் கொள்கை தெளிவாக இருக்கிறது: பிள்ளையின் பெற்றோர் பார்வையாளர் அல்லர்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், தேசிய வாரியத்திற்குப் பதிவுபெற்ற அமைப்புகளிலிருந்து வரும் ஒன்பது பேரில் மூவர் பெற்றோர் சங்கங்களையும், மூவர் மாற்றுத்திறனாளிகள் சங்கங்களையும் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் ஓரடி முன்னே செல்கிறது: அரசு ஆலோசனை வாரியத்தில் அமைப்புகளின் சார்பில் நியமிக்கப்படுவோரில் பட்டியல் சாதியினர் ஒருவரும் பழங்குடியினர் ஒருவருமேனும் இருந்தாக வேண்டும். தில்லியிலும் சென்னையிலும் கூடும் வாரியங்களுக்கு நாடாளுமன்றம் வகுத்த இந்த நெறி, குழந்தையின் வாழ்வை நேரடியாகத் தொடும் உள்ளூர் நிறுவனத்தின் வாசலில் நின்றுவிடுகிறது.

இந்நிறுவனங்களின் அதிகாரம் குழந்தைப் பருவத்தோடு முடிவதுமில்லை. பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழு. அதில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அந்தப் பிரதிநிதி எந்தக் குழுவிலிருந்து வருகிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது நமக்கு அயலான கேள்வியன்று.

மூன்று மறுப்புகள்

கல்வியறிவில்லாத பெற்றோருக்கு நிர்வாகம் தெரியாது என்பது முதல் மறுப்பு. தணிக்கை அறிக்கையைப் படிக்கக் கணக்காளர் வேண்டும்தான். அவரும் குழுவில் இருக்கட்டும். வேன் எங்கே திரும்புகிறது என்று அறிய, தினமும் அதற்காகக் காத்து நிற்பவர் வேண்டும். குழுவுக்கு இரண்டு அறிவும் தேவை.

பயனாளியே முடிவெடுத்தால் நலன் முரண்படும் என்பது இரண்டாவது. தன் பிள்ளையைப் பற்றிய தனிப்பட்ட முடிவு வரும்போது அந்தப் பெற்றோர் விலகியிருக்கலாம். எல்லா நிர்வாகங்களிலும் உள்ள எளிய விதி அது. மேலும், பெரிய நன்கொடையாளரின் உறவினர் குழுவில் அமரும்போது இதே கேள்வி எழுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நன்கொடையாளர்கள் விலகிவிடுவார்கள் என்பது மூன்றாவது. இந்த அச்சத்தில் உண்மை இருக்கலாம். அப்படி விலகுபவர் எதற்காக இதுவரை கொடுத்தார் என்பதை நிறுவனங்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். நன்கொடையோடு அரசு மானியத்தையும் பெற்று இயங்கும் நிறுவனங்கள் பல. அரசுப் பணத்திற்கு அரசமைப்பின் நெறி பொருந்தும்.

நாம் கேட்பவை

முதலாவதாக, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மானியம் வழங்கும்போது, நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பயனாளிகளின் பெற்றோராகவும் மாற்றுத்திறனாளிகளாகவும் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்க வேண்டும். அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெற்றோரின் பங்கு, சேவை பெறும் குழந்தைகளிடையே உள்ள பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒற்றை உறுப்பினரை அடையாளத்துக்கு அமர்த்துவது போதாது. தனியாக அமர்பவர் பேசுவது கடினம் என்பதை நாம் நன்கறிவோம்.

இரண்டாவதாக, சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோருக்கும் சங்க உறுப்பினராகும் உரிமையை நிறுவனங்கள் தாமே முன்வந்து துணைவிதிகளில் எழுத வேண்டும். கூட்டங்கள் தமிழில், பெற்றோர் வரக்கூடிய நேரத்தில், பயணச் செலவு ஈட்டுடன் நடக்க வேண்டும். வேன் தடம், சேர்க்கை, நீக்கம் பற்றிய தீர்மானங்களைப் பெற்றோர் பார்வைக்கு வைக்க வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் எந்தக் குழந்தையையும் நீக்கக்கூடாது.

மூன்றாவதாக, பெற்றோர் இப்போதே எடுக்கக்கூடிய படிகளும் உள்ளன. சங்கத்தின் குழு உறுப்பினர் பட்டியலையும் ஆண்டறிக்கையையும் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். அரசின் கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே கூட்டக் குறிப்புகளைக் கேட்கலாம். சங்கத்தின் நிர்வாகம் குறித்து விசாரிக்கப் பதிவாளருக்குச் சட்டத்தின் 36ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது; மாவட்ட ஆட்சியர் வழியாகவும் அதைக் கோரலாம். பொது அறக்கட்டளையாயின், அதில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின் கீழ் வழக்கிடலாம். பாகுபாடு நேர்ந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

தலித் இயக்கங்களிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளி, கோவில், மயானம், பஞ்சமி நிலம் ஆகியவற்றில் நாம் கேட்ட உரிமையை, நம் வீடுகளுக்குள் படுத்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கேட்பதில் நாம் பின்தங்கிவிட்டோம். அவர்களின் தாய்மார்கள் நம் கூட்டங்களுக்கும் வருவதில்லை. வர இயலாத நேரத்தில்தான் நாமும் கூட்டம் வைக்கிறோம். மற்றவர்களின் குழுவில் இடம் கேட்கும் நாம், நம் மாவட்டக் குழுக்களின் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வட மாவட்ட மையத்தின் நிர்வாகக் குழு இன்றுவரை மாறவில்லை. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உறுப்பினர் சேர்க்கை கோரி, அந்தத் தாயும் காலனியைச் சேர்ந்த வேறு பெற்றோர் நால்வரும் விண்ணப்பம் அளித்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. வராவிட்டால் பதிவாளரிடம் செல்வோம்.