மருந்தை முதலில் விற்று, நோயாளியைப் பிறகு விற்பது

பேரன் கோவைக் கல்லூரியில் சேர்ந்தபோது தன்னுடைய கடல்நீர் மீன்தொட்டியை என் பொறுப்பில் விட்டுப் போனான். நூறு லிட்டர் தண்ணீர். இரண்டு கிளவுன் மீன்கள். அவன் நண்பன் வீட்டுத் தொட்டியில் பெருகியதிலிருந்து பிரித்துக் கொடுத்த நாலைந்து மஷ்ரூம் பவளங்கள், ஒரு லெதர் பவளம். திருமூர்த்தி அணைத் தண்ணீர் குடிக்கிற உடுமலை வீட்டில், உப்புக் கரைத்து வைத்த ஒரு குட்டிக் கடல்.

உப்பு வாங்கக் கடைக்குப் போனபோது கடைக்காரர் ஒரு பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தார்.

"கால்சியமுங்க ஐயா. தினம் ஒரு மூடி ஊத்துங்க. பவளத்துக்கு அதுதானுங்க சத்து."

"எத்தனை லிட்டருக்கு ஒரு மூடி?"

"அதெல்லாம் பார்க்க வேண்டியதில்லீங்க. வெளிறிப் போச்சுன்னா ரெண்டு மூடியா ஊத்துங்க."

நானும் டானிக் கொடுப்பதுபோல ஒரு மாதம் ஊற்றினேன். அரசு அலுவலகத்தில் இத்தனை வருஷம் இருப்புப் பதிவேடு எழுதியவன், இருப்பு என்ன என்று பார்க்காமலே இண்டெண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். லெதர் பவளம் சுருங்கிக் கிடந்த பிறகுதான் பரிசோதனைக் கிட் வாங்கிச் சொட்டுவிட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 420 மில்லிகிராம் இருக்க வேண்டிய கால்சியம் 520 இருந்தது. கே.எச். என்று சொல்கிற காரத்தன்மை 6-க்கு இறங்கியிருந்தது.

அப்போதும் புத்தி வரவில்லை. காரத்தன்மையை ஏற்ற ஆப்ப சோடா போடலாம் என்று படித்தேன். அன்றைய கால்சியம் மூடியையும் ஆப்ப சோடாவையும் ஒரே குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். நுரைத்து, அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்து, அடியில் வெள்ளைப் பொடி படிந்தது. தொட்டியில் ஊற்றாமல் விட்டது பூர்வஜென்மப் புண்ணியம்.

அந்த வெண்மையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'ஓ த ஷோ' என்று ஒரு சோதனை உண்டு. 'ஷோ' என்றால் சுண்ணாம்பு. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் குழாய் வைத்து ஊதினால் மூச்சிலுள்ள கரியமிலவாயு பட்டு அது பாலாகும். அந்தப் பாலும் என் குவளையில் படிந்த பொடியும் ஒன்றுதான்: கால்சியம் கார்பனேட். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதும் அதைக் கொண்டுதான். பவளத்தின் உடலுக்குள் நடக்க வேண்டிய கட்டட வேலையை நான் குவளைக்குள் நடத்தி முடித்துவிட்டேன்.

ஆக, இதில் ஒரு கணக்கு இல்லை, இரண்டு கணக்கு. கால்சியம் ஒன்று, காரத்தன்மை ஒன்று. கல் கட்டும் பவளம் இரண்டையும் ஒரே விகிதத்தில் எடுக்கிறது: லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் குறைந்தால் கூடவே 2.8 கே.எச். குறையும். கடல்நீரில் கால்சியம் சுமார் 420, காரத்தன்மை சுமார் 7 கே.எச். 420-இல் 20 போனால் கண்ணுக்கே தெரியாது. 7-இல் 2.8 போனால் பாதிச் சொத்து போன மாதிரி. முதலில் காலியாவது காரத்தன்மைதான். ஆனால் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பது கால்சியம் பாட்டில்! எலும்புக்குக் கால்சியம் என்று விளம்பரம் கேட்டே வளர்ந்த நாம் அதை உடனே நம்பியும் விடுகிறோம்.

முறையாகப் பவளம் வளர்க்கிற நம்மவர்கள் வெளிநாடுகளில் இருக்கலாம். அவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நூறு லிட்டரில் கால்சியத்தை 20 ஏற்ற, நீர் சேர்ந்த கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்) 7.3 கிராம் வேண்டும். நீரற்றது என்றால் 5.5 கிராமே போதும். பெயர் ஒன்று, வீரியம் வேறு. எது என்று கேட்காமல் ஸ்பூன் கணக்கில் போடுகிறவன் குருடன். அதற்கு ஈடாகக் காரத்தன்மையை 2.8 கே.எச். ஏற்ற 8.4 கிராம் ஆப்ப சோடா. இரண்டையும் தனித்தனி நல்ல தண்ணீரில் கரைத்து, இடைவெளி விட்டு, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக விட வேண்டும். இத்தனையையும் பவளம் கல்லாக்கிய பிறகு தண்ணீரில் சுமார் 5.8 கிராம் சாதாரண உப்பு மிஞ்சும். ஆகவே உப்பின் அளவையும் பார்த்து, அவ்வப்போது தண்ணீர் மாற்ற வேண்டும். பாட்டில் மூடியில் இதில் எது எழுதியிருக்கிறது?

சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், "சோடா ஆஷ் மூட்டைக் கணக்குல கிடக்குதுங்க, வாங்கித் தரட்டுங்களா?" என்றார். திருப்பூரில் பருத்தித் துணியில் சாயம் பிடிக்கப் போடுகிற அதே சோடா ஆஷ் காரத்தன்மையை ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் துணிக்குப் போதுமான சுத்தம் உயிருக்குப் போதும் என்று எந்த மூட்டையும் உத்தரவாதம் தருவதில்லை. வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் இதே பதில்தான். தூய சுண்ணாம்புப் பொடி லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடுவது நல்ல முறை. அதில் இரண்டு கணக்கும் சரிசமமாக ஏறும், உப்பும் மிஞ்சாது. ஆனால் அது கடுமையான காரம். மொத்தமாகக் கவிழ்த்தால் தொட்டி அன்றோடு முடிந்தது.

இவ்வளவு படித்த பிறகுதான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி எனக்கு உறைத்தது. என் தொட்டியில் இதைக் குடிக்க யார் இருக்கிறார்கள்? மஷ்ரூம் பவளம் கல் கட்டுவதில்லை. லெதர் பவளத்துக்குத் தேவை சொற்பம். புதிதாக உப்புக் கரைத்துத் தண்ணீர் மாற்றினாலே அதற்குப் போதும். ஒரு மாதமாக நான் யாருக்கோ எழுதிய மருந்தை யாருக்கோ கொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போய் இதைச் சொன்னேன். கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"அப்ப ஒரு கல் பவளம் எடுத்துட்டுப் போங்க ஐயா. பாட்டில் வீணாகாதுங்க."

உள்ளறையிலிருந்து ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். பில் கேட்டேன். இதுக்கெல்லாம் பில் கிடையாதுங்க என்றார்.

பில் ஏன் கிடையாது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கல் பவளங்கள் அத்தனையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலியும் யானையும் இருக்கிற அட்டவணை. நம் கடலிலிருந்து உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் அதற்கு சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். சீட்டும் இல்லை, பில்லும் இல்லை என்றால் அது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டிப் படகு படகாகக் கொண்டுவந்தோம். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு தயாரிக்கவும் வீடு கட்டவும் அது போயிற்று. 1986-இல் அங்கே கடல் தேசியப் பூங்கா அமைத்தபோது 21 தீவுகள் கணக்கில் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அன்று பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். இன்று பவளத்தை உடைத்து வந்து தொட்டியில் வைத்து அதற்குச் சுண்ணாம்புச் சத்து ஊற்றுகிறோம். பார்க்க அன்புபோல் இருக்கிறது. விளைவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"ஒரு சின்னத் துண்டில் என்ன குறைந்துவிடும்?" என்பார்கள். மூடிக் கணக்கில் ஊற்றுகிறவர் கையில் அந்தத் துண்டு எத்தனை மாதம் உயிரோடு இருக்கும்? செத்தால் இன்னொன்று. அதுவும் செத்தால் மற்றொன்று. கடைக்காரருக்கு நம் அறியாமைதான் நிரந்தர வருமானம். "வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறோம்" என்று சொல்வோரும் உண்டு. காப்பாற்றுகிறவன் முதலில் எதைக் கேட்பான்? எங்கிருந்து வந்தாய் என்றுதானே. எத்தனை மூடி வேண்டும் என்பது அப்புறம்.

கல் பவளத்தை வாங்காமல் வந்துவிட்டேன். பாட்டிலை ஊற்றுவதையும் நிறுத்தினேன். வாரம் பத்து லிட்டர் தண்ணீர் மாற்ற மாற்ற இரண்டு அளவும் தானாகச் சரிக்கு வந்தன. லெதர் பவளம் மறுபடி விரிந்து நிற்கிறது. நேற்று இரவு பேரன் போனில், "தாத்தா, கால்சியம் ஊத்தினீங்களா?" என்றான்.

"இல்லடா கண்ணு, அளந்து பார்த்தேன். தேவையில்லை" என்றேன்.