எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதுமா?

பி.காம். படிக்கிறவனுக்குக் கணையத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வந்துவிட்டதே! பித்தப்பைக் கல் போய்க் கணையக் குழாயின் வாயை அடைத்து, என் சித்தப்பா 23 நாள் ஐசியூவில் கிடந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருச்சு, அதைக் கூட்டப் பாருங்க." ஒரு மாமா பவுடர் டப்பாவே வாங்கி வந்துவிட்டார்.

எனக்கு இங்கேதான் சண்டை. முதல் வாரம் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை சாமி, தலைகால் தெரியாமல் ஆடியது. குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய டிரிப்சின் என்கிற நொதி, கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தைச் செரிக்க ஆரம்பிக்கிறது. செத்த செல்களிலிருந்து கசிவதைப் பார்த்து வெள்ளை அணுக்கள் படை திரட்டி வருகின்றன (கிருமி ஒன்றுகூட வந்திருக்காது!). அவை விடும் ஐஎல்-6, டிஎன்எஃப் மாதிரியான ரசாயனங்கள் ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. நுரையீரலில் நீர், சிறுநீரகம் மந்தம். ஓர் உறுப்பாவது 48 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்து கிடந்தால்தான் 'தீவிர' வகை என்கிறது 2012-ல் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு.

அப்புறம் தலைகீழ். இந்த ஆட்டத்தை அடக்க உடம்பு போடுகிற பிரேக் அளவு மீறிப் போகிறது. லிம்போசைட்டுகள் குறைகின்றன. கிருமியின் துண்டை மற்ற அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதமும் மோனோசைட்டுகளின் மேல் குறைகிறது. குடல் சுவரும் பலவீனமாகியிருப்பதால் அங்கிருக்கும் கிருமிகள் செத்த கணையத் திசுவில் வந்து குடியேறுகின்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மேல்தான் இது நடக்கும். சித்தப்பாவுக்கு மூன்றாவது வாரம்.

இதில் எந்த நாள் கூட்டுவது, எந்த நாள் குறைப்பது?

'நல்ல கிருமி' கொடுத்தால் உதவுமா என்று நெதர்லாந்தில் நிஜமாகவே சோதித்தார்கள். நோய் தீவிரமாகும் என்று கணித்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். 2008-ல் லான்செட்டில் முடிவு வந்தது. புரோபயாடிக் வாங்கிய 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். மருந்தில்லாத வெறும் பொடி வாங்கிய 144 பேரில் 9 பேர். தொற்றும் குறையவில்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பிக் கொடுத்தது அது.

சித்தப்பாவுக்குக் கிடைத்தது சலைன், ஆக்சிஜன், மூக்கு வழியாகக் குழாயில் சாப்பாடு, நிறையக் காத்திருப்பு. இதற்கெல்லாம் டிவியில் விளம்பரம் வராது.

இப்போது வீட்டில் இருக்கிறார். கணையம் அடிவாங்கியதில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாமாவின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பட்டியலில் முதல் சரக்கே சர்க்கரைதான் :-)